இன்னிக்கு என்ன வந்திருக்கு?

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி தாண்டியதும் பொன்னேரிச் சாலையில் சென்னைக் கார்கள் வரத் தொடங்கும். இறங்கி, கை கழுவி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "வஞ்சிரம் இருக்கா?" கடை தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வருகிறேன். வஞ்சிரம் நல்ல மீன், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எங்கள் கரைப் படகுகளுக்கு அது எப்போதாவதுதான் மாட்டும். தினமும் வஞ்சிரம் வறுத்துப் போட வேண்டுமென்றால் காசிமேட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் வரவழைக்க வேண்டும். அதாவது, அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி வந்த அதே சென்னையிலிருந்து. பழவேற்காடு வரை வந்தவர்கள் அதைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் எனக்கு மனசு ஆறாது. இங்கே ஒரு ஏரி முழுக்க மீன் இருக்கிறது.

சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தென்கோடி மட்டும் திருவள்ளூர் மாவட்டத்துக்குள், பொன்னேரி தாலுகாவில் இருக்கிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா நீண்டு படுத்திருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை போய்விட்டது, அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மிச்சமிருக்கிறது. வருகிறவர்களில் சிலர் கல்லறை பார்க்க வருகிறார்கள், சிலர் பனிக்காலத்தில் பூநாரை பார்க்க வருகிறார்கள், பலர் கடற்கரைக்கு. மாமல்லபுரத்தைப் போல இங்கே விடுதிகள் வரிசை கட்டி நிற்கவில்லை. காலையில் வந்து மாலையில் திரும்பும் ஊர். அவர்கள் இந்த ஊரில் சாப்பிடுவது ஒரே ஒரு வேளை. அந்த ஒரு வேளை எங்களைப் போன்ற கடைக்காரர்கள் கையில் இருக்கிறது. அதை நான் சின்ன விஷயமாக நினைத்ததே இல்லை.

நான் சமையல் கற்றது இங்கே இல்லை, கும்மிடிப்பூண்டியில். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் அம்மா மெஸ் நடத்தினார். சுற்றிலும் இரும்பு உருக்காலைகளும் ரோலிங் மில்களும். மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும். காலை ஷிப்ட் முடித்தவர்கள் ஒரு பக்கம், உள்ளே போகிறவர்கள் ஒரு பக்கம் என்று அந்த ஒரு மணி நேரத்தில் அடுப்படியில் நிற்கவே இடம் இருக்காது. உலைக்கு முன்னால் நின்று வேலை பார்த்து வந்தவருக்கு உப்பும் புளியும் தூக்கலாக வேண்டும், சோறு நிறைய வேண்டும், விலை ஏறக் கூடாது. தொடக்கத்தில் சுற்றுவட்டாரத்துத் தமிழரும், எல்லை தாண்டித் தடா, சூளூர்ப்பேட்டையிலிருந்து வரும் தெலுங்கரும்தான் அதிகம். போகப் போக பீகார், ஒடிசா, வங்காளத்துப் பையன்கள் கூடினார்கள். புதனும் ஞாயிறும் மீன் குழம்பு.

மெஸ் கணக்குக்குச் சங்கராகூடக் கட்டாத வாரங்களில் அம்மா பழவேற்காட்டிலிருந்து மடவை எடுப்பார். முழு மீனாக, கூடையோடு. உள்ளூர்ப் பையன்களில் சிலர் மண் வாசனை அடிக்கிறது என்று துண்டை ஓரம் கட்டிவிடுவார்கள். ஒருநாள் சிலிகா ஏரிக்கரையிலிருந்து வந்த ஒடிசாக்காரத் தம்பி ஒருவர் இலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, தலைத் துண்டு இருக்கிறதா என்று கேட்டார். அவர்கள் ஊரில் மடவைக்குத் தனி மரியாதை. கல்யாண வீட்டு மீனைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார். சாப்பிட்டு முடித்ததும் அடுப்படிக்கே வந்துவிட்டார். இந்தியும் தமிழுமாகக் கலந்து, ஒரு மீனைக் கையில் எடுத்து, வயிற்றைப் பிளந்து, உள்ளே ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வைக் காட்டினார். "இது நிக்கால்னா அம்மா. இது இருந்தா கசப்பு, மண்ணு." கல் உப்பு வைத்துத் தேய்த்ததும் அந்தச் சவ்வு சுருண்டு வந்தது. அடுத்த வாரம் எந்த இலையிலும் மீன் ஒதுங்கவில்லை. மடவை சேற்றில் படிந்த பாசியையும் மக்கலையும் தின்று வளர்கிற மீன். அதன் வயிற்றுக்குள் ஏரித் தரை முழுவதும் இருக்கிறது. வயிற்றைச் சுத்தமாக எடுத்துவிட்டால் சதை வெண்ணெய். சிலிகா மீனவர் வீட்டுப் பிள்ளை வந்து எங்கள் ஏரி மீனை எங்களுக்குக் கழுவக் கற்றுக்கொடுத்தார் என்பதை இன்றும் பெருமையாகச் சொல்வேன்.

அதே மெஸ்ஸில் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஓர் அக்கா உதவிக்கு வருவார். பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்து இடித்து ஒடியல் மாவு செய்து வைத்துக்கொள்வார். நண்டு, இறால், மீன் துண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, புளி, அரைத்த மிளகாய் எல்லாம் சேர்த்து அவர் காய்ச்சும் ஒடியல் கூழை யாழ்ப்பாணத்தில் குடும்பமே சுற்றி உட்கார்ந்து குடிப்பார்களாம். எங்கள் கடையில் அடைமழை ஞாயிறுகளில் இப்போதும் அந்தக் கூழ் உண்டு. சென்னைக்காரர்களுக்குப் பெயர் புதிது. ஒரு கிண்ணம் குடித்தவர்கள் அடுத்த மழைக்கு முன்னாலேயே போன் செய்து கேட்கிறார்கள்.

சமையலை அம்மாவிடம் கற்றேன் என்றால், மீன் வாங்குவதைக் கரையில் கற்றேன். இந்தத் தொழிலில் பாதிக்கு மேல் அங்கேதான் முடிந்துவிடுகிறது. விடியலில் படகுகள் வரும், ஏலம் நடக்கும். இறாலையும் பெரிய நண்டையும் கம்பெனி வியாபாரிகள் ஐஸ் வண்டியோடு காத்திருந்து தூக்கிக்கொள்வார்கள். அவர்கள் பேசும் விலைக்கு முன்னால் ஒரு சாப்பாட்டுக் கடை நிற்க முடியாது. ஏலத்துக்கு அப்புறம் பெண்கள் கூறு கட்டி உட்காருவார்கள். என் பள்ளிக்கூடம் அந்த வரிசை. கடை வைத்த புதிதில் செவுளைத் தூக்கித் தூக்கிச் சிவப்பு பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் ஒரு வயதான மீன்கார அம்மா சொன்னார்: "செவுளைத் தூக்காத கண்ணு. செவுளு பொய் சொல்லும். வயித்த அமுக்கிப் பாரு, அது பொய் சொல்லாது." உண்மைதான். மீன் முதலில் கெடுவது குடலில்தான். காரப்பொடி, மத்தி போன்ற சின்ன மீனில் வயிறு தளர்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தால், கண் எவ்வளவு பளபளத்தாலும் எடுக்கக் கூடாது. அமுக்கிய இடம் குழி விழாமல் மேலே எழும்பி வர வேண்டும். மூக்கருகே கொண்டுபோனால் கடல் வாசனை வரலாம், மீன் நாற்றம் வரக் கூடாது.

நண்டு வாங்குவது இன்னொரு வித்தை. எங்கள் ஏரியின் பச்சைக் கல் நண்டு சிங்கப்பூர் வரைக்கும் உயிரோடு விமானம் ஏறுகிறது. கொடுக்கைக் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்தால் நாள் தாங்கும். ஆனால் செத்த கல் நண்டை அடுப்பில் ஏற்றக் கூடாது. அதன் சதை அவ்வளவு வேகமாகக் கெட்டுவிடும். உயிரோடு இருப்பதிலும் தேர்வு உண்டு. ஓடு கழற்றிப் புது ஓடு போட்ட நண்டு பார்க்கப் பெரிதாக, பளிச்சென்று இருக்கும். உடைத்தால் உள்ளே தண்ணீர்தான். வயிற்று ஓட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. ஓடு கொஞ்சம் அழுக்கேறி, பழுத்த நிறத்தில், கைக்குக் கனமாக இருந்தால் உள்ளே சதை அடைத்திருக்கும். வாடிக்கையாளர்கள் பளபளப்பான நண்டைக் காட்டி "அதைப் போடுங்க" என்பார்கள். நான் இரண்டையும் அவர்கள் கையிலேயே கொடுத்துக் கனம் பார்க்கச் சொல்வேன். ஒருமுறை தூக்கிப் பார்த்தவர் அப்புறம் எந்தக் கடையிலும் ஏமாற மாட்டார்.

இறாலில் இன்று நேர்மை ரொம்பத் தேவைப்படுகிறது. 2009இல் வனாமி இறால் வளர்ப்புக்கு அனுமதி கிடைத்த பிறகு, கடைகளில் கிடைக்கும் இறாலில் பெரும்பங்கு குளத்து இறால்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. எல்லா நாளும் கிடைக்கும், அளவு சீராக இருக்கும், விலை கட்டும். நானும் பிரியாணிக்கு அதைத்தான் போடுகிறேன். ஆனால் அதை ஏரி இறால் என்று சொல்லி விற்பதில்லை. பலகையில் "வளர்ப்பு இறால்", "ஏரி வெள்ளை இறால்" என்று தனித்தனியாக எழுதி, தனித்தனி விலை போடுகிறேன். ஏரி இறால் சின்னதும் பெரிதுமாகக் கலந்து இருக்கும். கடித்தால் ஒரு இனிப்பு இருக்கும். தலையில் உள்ள கொழுப்புதான் குழம்பின் உயிர். தலையையும் ஓட்டையும் நாங்கள் வீசுவதில்லை. கொஞ்சம் எண்ணெயில் வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, வடிகட்டிய சாற்றில்தான் இறால் தொக்கு இறக்குகிறோம்.

இந்த இறால் எப்படி வருகிறது என்பதைச் சாப்பிடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். பொடிக் குஞ்சுகள் கடல் நீர் ஏறும்போது முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, ஆழமில்லாத சேற்று நீரில் சில மாதங்கள் வளர்ந்து, மறுபடி கடலுக்குக் கிளம்பும். கிளம்பும் வழியில்தான் வலை. நீர் வற்றும் இரவுகளில், குறிப்பாக அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, முகத்துவாரத்துப் பக்கம் கழி நட்டுச் சுத்து வலை கட்டுவார்கள். அந்த இடங்களில் யாருக்கு எந்த முறை என்பதைப் பரம்பரையாகச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கும் வழக்கம் உண்டு. பாடு என்று பெயர். ஆராய்ச்சியாளர்கள் வந்து எழுதி வைத்துப் போன முறை அது. பாட்டில் பங்கு இல்லாதவர்களும் இந்த ஏரியை நம்பித்தான் இருக்கிறார்கள். இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள். வலையில் நசுங்காத, ஐஸ் படாத இறால் வேண்டுமென்றால் அதுதான். நான் அவர்களிடம் நேராக வாங்குகிறேன், கையில் பணம் கொடுத்து. பலகையில் "கைப்பிடி இறால்" என்று எழுதினால் அது என்ன என்று கேட்பார்கள். சொல்வேன். கேட்ட பிறகு யாரும் விலை பேசியதில்லை.

எல்லாம் முகத்துவாரத்தைப் பொறுத்தது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் வெள்ளம் கொண்டுவரும்போது ஏரி நல்ல தண்ணீர் போல ஆகிவிடும். கோடையில் ஆற்று நீர் நின்று, வெயில் காய்ச்சி, கடலைவிடவும் உப்பாகிவிடும். நடுவில் மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துபோனால் கடல் நீர் உள்ளே வராது, குஞ்சு இறாலும் வராது. படகு வெளியே போகவும் வழி இருக்காது. நிரந்தர முகத்துவாரம் வேண்டும் என்று இந்தக் குப்பங்கள் பல்லாண்டுகளாகக் கேட்டு வந்ததன் காரணம் இதுதான். என் கடைப் பலகையில் நாலு மீன் பெயர் குறைந்தால், எங்கோ மணல் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

அச்சடித்த மெனு கார்டு நாங்கள் வைக்காததும் அதனால்தான். கார்டு வைத்தால் அதில் உள்ளதை எல்லா நாளும் கொடுத்தாக வேண்டும். அதற்கு ஃபிரீசரை நிரப்ப வேண்டும். பத்து மணிக்குக் கரையிலிருந்து வந்ததும் கரும்பலகையில் எழுதுகிறேன். கிழங்கான், ஊடான், கொடுவா, மடவை, கெளுத்தி, செருப்பு மீன், காரப்பொடி என்று அன்றைக்குக் கிடைத்தது மட்டும். கேரளத்திலிருந்து தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தவர்கள் கரிமீன் கேட்பார்கள். அந்த மீன் எங்கள் ஏரியிலும் உண்டு, கிடைக்கும் நாளில் அவர்களுக்குப் போன் போடுவேன். தட்டில் மீனைக் கொண்டுவந்து மேசையில் காட்டி, அவர்கள் கண் முன்னால் எடை போட்டு, விலையைச் சொல்லி, தலையாட்டிய பிறகுதான் அருவாமனைக்குப் போகும். "இன்றைய விலை" என்று மட்டும் சொல்லிவிட்டு, பில்லில் அதிர்ச்சி கொடுக்கிற பழக்கம் கடலோர ஊர்க் கடைகளின் பெயரைக் கெடுத்திருக்கிறது. சாப்பிட்ட மீன் நாக்கில் இருக்கும்போதே மனம் கசந்துவிட்டால் அந்தக் குடும்பம் இந்த ஊருக்கே திரும்பாது.

அப்படிக் காட்டி, வெட்டி, சமைத்துக் கொடுக்க அரை மணி நேரம் ஆகும். பசியோடு வந்த குழந்தைகள் அது வரை தாங்காது. அதனால் உட்கார்ந்ததும் ஒரு கிண்ணம் நண்டு ரசமும் இறால் வடையும் வந்துவிடும். குழந்தைகளுக்குக் கிழங்கான்தான் என் சிபாரிசு. நடு முள்ளை ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம், சதை பொலபொலவென்று வரும். காரப்பொடியைப் பெரியவர்கள் பொறுமையாகச் சாப்பிட வேண்டும். அவசரத்தில் இருப்பவர்களுக்கு நான் அதைக் கொடுப்பதே இல்லை. நண்டு கேட்டவர்களுக்கு ஓட்டை அடுப்படியிலேயே தட்டி விரிசல் விட்டு அனுப்புகிறோம். எந்த மூட்டில் திருகினால் சதை முழுதாக வரும் என்று பரிமாறுகிற பெண் ஒரு முறை செய்து காட்டுவாள். நண்டு சாப்பிடத் தெரியாமல் பாதியை இலையில் விட்டுப் போவதைப் பார்க்க எனக்குத் தாங்காது. அது ஒரு உயிர், ஒருவர் இரவு முழுக்கத் தண்ணீரில் நின்று பிடித்தது.

குழம்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இது எல்லைச் சீமை. வடக்கே போனால் நெல்லூர். அந்த ஊர் மீன் குழம்பின் வாடை இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. மாசி கடைசியில் மாங்காய் வந்துவிட்டால் புளியைக் குறைத்து மாங்காய்க் கீற்றைப் போடுவோம். புளிச்சக் கீரையோடு இறால் சேர்த்து வதக்குவது எங்கள் தெலுங்குப் பக்கத்து வாடிக்கையாளர்களுக்காகத் தொடங்கியது. இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். நல்லெண்ணெயில் வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு தாளித்து, வீட்டில் அரைத்த மிளகாய்த் தூளைப் புளிக் கரைசலோடு கொதிக்கவிட்டு, பச்சை வாசனை போய், எண்ணெய் ஓரம் பிரிந்த பிறகுதான் மீன் போட வேண்டும். போட்ட பிறகு கரண்டியே கூடாது. சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்துச் சுழற்றி விடுவது மட்டும்தான். ஏரி மீன் மெல்லிய சதை, கரண்டி பட்டால் உதிர்ந்துவிடும். காலையில் வைத்த குழம்பு மதியம் இறங்கியிருக்கும். மண் சட்டி அதற்கு உதவும். முந்தின நாள் குழம்பு இருக்கிறதா என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சட்டி அவர்களுக்கென்று ஒதுக்கி வைப்பது வழக்கம்.

வறுவலுக்கு நிறப்பொடி போடுவதில்லை. மிளகாய்த் தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சை, அவ்வளவுதான். ஒடிசா, வங்காளத்துத் தம்பிகள் ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டியிலிருந்து இரண்டு மூன்று பைக்கில் வருவார்கள். அவர்களுக்குக் கடுகு அரைத்துப் போட்ட இறால் தனியாகச் செய்வேன். அவர்களோடு பக்கத்து மேசையில் உட்கார்ந்த மயிலாப்பூர்க் குடும்பம் ஒன்று வாசனை பிடித்து அதையே கேட்டது. அதிலிருந்து அதுவும் பலகையில் ஏறிவிட்டது.

வியாபாரம் சீராக ஓடும் தொழில் இல்லை இது. புரட்டாசியில் பாதி மேசை காலி. கார்த்திகையில் மாலை போட்டவர்கள் தை வரை வர மாட்டார்கள். காணும் பொங்கலன்று ஊரே தாங்காது. இவை தெரிந்த ஏற்ற இறக்கங்கள். தெரியாமல் வந்தவை வேறு. 2011 டிசம்பர் 25 அன்று ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அன்றைக்குக் கரையில் கேட்ட அழுகையை இந்த ஊர் மறக்கவில்லை. அதற்குப் பிறகு சுற்றுலாப் படகு ஓட்டக் கூடாது என்று தடை வந்தது. இன்றும் சாப்பிட்டு எழுந்தவர்கள் "இங்க போட்டிங் ஏற்பாடு பண்ணித் தருவாங்களா?" என்று கேட்கும்போது, இல்லை என்று சொல்வதோடு நிறுத்தாமல், ஏன் என்பதையும் உட்கார வைத்துச் சொல்கிறேன். கடைக்காரி அதைச் சொல்லியாக வேண்டும்.

2018இல் கேரளத்தில் ஃபார்மலின் போட்ட மீன் லாரிகள் பிடிபட்ட செய்தி வந்தபோது, தமிழ்நாட்டிலும் மக்கள் மீனைத் தொடப் பயந்தார்கள். அந்த வாரங்களில்தான் மீனைத் தட்டில் காட்டுகிற எங்கள் பழக்கத்துக்குப் பலன் தெரிந்தது. கிழங்கானின் வயிற்றை அவர்களையே அமுக்கிப் பார்க்கச் சொன்னோம். 2020இல் ஊரடங்கு. சிப்காட் தம்பிகள் மே மாதச் சிறப்பு ரயில்களில் ஊர் திரும்பும் வரை, வேலையும் சம்பளமும் இல்லாமல் அறைகளில் அடைந்து கிடந்தார்கள். கரையில் விலை போகாத மீனை வாங்கிச் சோறாக்கி அனுப்பினோம். மெஸ் காலத்துப் பெரிய அண்டாக்கள் அப்போது மறுபடி அடுப்பேறின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. எங்கள் முகத்துவாரம் வடக்கே வெகு தள்ளி இருந்தாலும், வடசென்னை மீன் என்றாலே வேண்டாம் என்றார்கள். கூறு கட்டி உட்கார்ந்திருந்த பெண்கள் மதியம் வரை விற்காமல் கருவாட்டுக்கு உப்பு வாங்கிப் போனார்கள். எண்ணூர்க் கழியில் வலை போட்டுப் பிழைத்தவர்களின் நிலை இன்னும் மோசம். மீன் சாப்பிடுகிற எல்லோருக்கும் அந்த நீரைப் பற்றிக் கவலை இருக்க வேண்டும் என்று அன்று முதல் வெளிப்படையாகவே பேசுகிறேன்.

சந்தோஷமான நாட்களும் எதிர்பாராமல் வரும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில், கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பு வரும். அதாவது கடல் மீன் குறையும், கூட்டம் கூடும். 2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை. வெள்ளியில் எப்போதும் எங்களுக்கு மந்தம். அன்று மதியம் 2.35க்குச் சந்திரயான்-3. பகல் முழுக்க உட்கார இடமில்லை. கடல் மீன் இல்லாததால் நண்டையும் ஏரி மீனையும் வைத்தே ஒப்பேற்றினோம். 2.30க்குப் பரிமாறுகிற பெண்களில் இருந்து பச்சைக் குழந்தைகள் வரை எல்லோரும் வெளியே. இலைகளில் சோறு அப்படியே இருக்கிறது. நெருப்பு மேலெழும்பி, வெகு நேரம் கழித்துச் சத்தம் வந்து ஓட்டுக் கூரையை அதிர வைத்தபோது, கையில் குழம்போடு கைதட்டினார்கள். அப்புறம் உள்ளே வந்து, ஆறிப்போன சோற்றுக்குச் சூடாகக் குழம்பு கேட்டார்கள். யாரும் வஞ்சிரம் கேட்கவில்லை.

இப்போது அதிகம் வருகிற போன், தடைக்காலத்தைப் பற்றியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக அரசு வைத்திருக்கும் தடை. அப்போது வந்தால் மீன் கிடைக்குமா, வெளிமாநிலத்துப் பழைய மீனா போடுவீர்கள் என்று கேட்கிறார்கள். தடை விசைப்படகுகளுக்குத்தான். எங்கள் கரையில் இருப்பவை ஃபைபர் படகுகளும் ஏரிப் படகுகளும். விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரத் தோதான காலம் அதுதான். விலை கொஞ்சம் ஏறியிருக்கும், அதைப் பலகையிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு மணிக்குள் வந்துவிட்டால் தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும். மாங்காய் போட்ட கிழங்கான் குழம்பு அந்த மாதங்களில் தினமும் உண்டு. முகத்துவாரம் திறந்திருந்தால் வெள்ளை இறாலும் உண்டு. மடவை மட்டும் கோடையில் கொஞ்சம் மெலிந்திருக்கும். அதற்குக் கார்த்திகை, மார்கழியில் வாருங்கள். கடலுக்குக் கிளம்பும் பருவம் அது, சினையோடு கிடைக்கும். சினையைத் தனியாக எடுத்து, மஞ்சளும் உப்பும் மட்டும் தடவி, தோசைக்கல்லில் மெல்லிய தீயில் வாட்டித் தருகிறேன்.